போர்டைக் கழற்றும் முன்

அன்பின் கபிலனுக்கு,

நீ போனில் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: போர்டை இப்போதைக்கு வாங்காதே. ஆனால் ஏன் என்று விளங்காமல் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட். கேஸ் ஃபர்னஸ் ஓடவில்லை, வெளியே மைனஸ் 18. முதலில் வந்து பார்த்தவர் "கண்ட்ரோல் போர்ட் போய்விட்டது" என்று சொல்லிப் போயிருக்கிறார். எங்கள் தொழிலில் இதைவிடச் சுலபமான தீர்ப்பு வேறில்லை. காரணம் பிடிபடாவிட்டால் போர்டின் தலையில் போட்டுவிடலாம்; அதற்குள் என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, திருப்பிக் கேட்கவும் மாட்டார். இப்படிக் கழற்றி எறியப்படுகிற போர்டுகளில் பல நல்ல போர்டுகள் என்பது என் எண்ணம். ஓடாத ஃபர்னஸில் போர்ட் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், ஏதோ ஒரு காரணத்துக்காக மறுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காரணத்தைத்தான் நீ தேட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டில் இருந்து தொடங்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது ஒரு சுவிட்ச்தான். ஃபர்னஸுக்குள் இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபோர்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட் ஆக்குகிறது. அது 'ஆர்' என்ற வயரில் மேலே சுவருக்குப் போகும். சூடு வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட் ஆரை 'டபிள்யூ'வோடு சேர்க்கும். குளிர் வேண்டுமென்றால் 'வை'யோடும் 'ஜி'யோடும் சேர்க்கும். வை வெளியே நிற்கிற ஏசிக்கு, ஜி உள்ளே இருக்கிற புளோவருக்கு. 'சி' மின்சாரம் திரும்பி வருகிற பாதை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று இவற்றுக்கு வழக்கமான நிறங்கள் உண்டு. நிறத்தை நம்பாதே. முன்பு வந்தவர் கையில் அகப்பட்ட வயரைப் போட்டிருப்பார். போர்டில் எந்தத் திருகில் எந்த வயர் என்று கண்ணால் பார்த்த பிறகு நம்பு.

பேஸ்மென்டில் நின்றபடியே பிரச்சினையை இரண்டாக வெட்டலாம். பவரை நிற்பாட்டி, போர்டில் தெர்மோஸ்டாட்டின் வயர்களைக் கழற்றிவிட்டு, ஆருக்கும் டபிள்யூவுக்கும் இடையில் ஒரு சின்ன வயர் போட்டுப் பவரைக் கொடு. ஃபர்னஸ் ஓடினால் கோளாறு மேலே, தெர்மோஸ்டாட்டில் அல்லது சுவருக்குள் போகிற வயரில். ஓடாவிட்டால் கீழே. கைதவறி ஆரையும் சியையும் சேர்த்துவிடாதே, அது நேர் ஷோர்ட். போர்டில் காருக்குப் போடுகிற மாதிரி ஒரு ஃபியூஸ் குத்தியிருக்கும். ஊதா என்றால் 3 ஆம்ப், மங்கிய மண்ணிறம் என்றால் 5 ஆம்ப். அது எரிந்தால் உன் அதிர்ஷ்டம். ஃபியூஸ் இல்லாத பழைய மெஷினில் டிரான்ஸ்ஃபோர்மரே போகும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரியதைக் குத்துகிற ஆட்களோடு வேலைக்குப் போகாதே.

நீ போகும்போதே ஃபியூஸ் எரிந்திருந்தால், புதியதைக் குத்துவதற்கு முன் வெளியே ஏசிக்குப் போகிற இரண்டு மெல்லிய வயர்களையும் போர்டில் இருந்து கழற்றிவிடு. அணில் கடித்தோ புல்லு வெட்டுகிற மெஷின் பட்டோ சுவர் ஓரத்தில் அந்த வயரின் தோல் போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. கழற்றிய பிறகு ஃபியூஸ் நிலைத்தால் குற்றவாளி வெளியே நிற்கிறான். பிழை வெளியே இருக்க உள்ளே போர்டை மாற்றினால் புது ஃபியூஸும் எரியும்.

அந்த வீட்டில் போன மாரிக்கு முன் வைஃபை தெர்மோஸ்டாட் பூட்டினார்கள் என்றாயே, அதையும் குறித்துக்கொள். 1880களில் விஸ்கான்சினில் வாரன் ஜான்சனும் மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸும் தெர்மோஸ்டாட் தொழிலைத் தொடங்கிவைத்த காலத்தில் இருந்து, 1953-ல் ஹனிவெல் கொண்டுவந்த அந்த வட்டமான தெர்மோஸ்டாட் வரை, சுவரில் இருந்த பெட்டிக்குத் தனியாக மின்சாரம் தேவைப்படவில்லை. வட்டத் தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குமிழில் பாதரசம் இருக்கும். சுருள் தகடு விரியச் சுருங்கக் குமிழ் சாயும், பாதரசம் உருண்டு இரண்டு முனைகளைத் தொடும். அவ்வளவுதான். ஆகவே அந்தக் காலத்து வீடுகளில் சி வயர் இழுக்கவே இல்லை. திரையும் வைஃபையும் வந்த பிறகு அந்தப் பெட்டிக்கு எந்நேரமும் பவர் வேண்டும். இந்த ஊர்க் கம்பனியான ஈகோபீ, 2007-ல் ரொறன்ரோவில் தொடங்கியது, சி இல்லாத வீடுகளுக்கென்று ஃபர்னஸுக்குள் பூட்டுகிற ஒரு சின்னத் துணைப்பெட்டியையே பல மாடல்களோடு சேர்த்துத் தருகிறது. வேறு சில தெர்மோஸ்டாட்டுகள் டபிள்யூவிலும் வையிலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பவரைக் களவெடுத்துப் பற்றரியை நிரப்பும். இந்தக் களவு சில போர்டுகளுக்கு ஒத்துவராது. ரிலே காரணமில்லாமல் 'டிக் டிக்' என்று அடிக்கும், குளிர்கால நடுவில் திரை கறுத்துப்போகும். சுவரில் இருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓட்டைக்குள் பார். பாவிக்காத ஒரு வயர் பின்னால் சுருண்டு கிடப்பது உண்டு. இருந்தால் அதை இரண்டு பக்கமும் சியில் பூட்டு, பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

இனி ஃபர்னஸ். இதை நீ மீற்றரை எடுப்பதற்கு முன் காதால் படிக்க வேண்டும். முன்கதவைக் கழற்றி, கதவு சுவிட்சைக் கையால் அமத்திக்கொண்டு, சூட்டைக் கேட்டுவிட்டு நில். முதலில் இன்டியூசர் என்ற சின்ன விசிறி உறுமத் தொடங்கும். அது புகையை வெளியே இழுக்கிறதென்று பிரெஷர் சுவிட்ச் சாட்சி சொல்ல வேண்டும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த மெல்லிய 'டிக்' கேட்கும். அதற்குப் பிறகுதான் இக்னைட்டர் கருமையில் இருந்து சிவந்து, செம்மஞ்சளாகி, கண் கூசும் அளவுக்கு ஒளிரும். பிறகு கேஸ் வால்வ் திறக்கும் சத்தம். நீலச் சுவாலை ஒரு பக்கத்துப் பர்னரில் பிடித்து, அடுத்தடுத்ததற்குத் தாவி, கடைசிப் பர்னர் வரை ஓடும். அங்கே நிற்கிற ஒரு மெல்லிய கம்பி, ஃபிளேம் சென்சர், "நெருப்பைக் கண்டேன்" என்று போர்டுக்குச் சொல்லும். அரை நிமிஷம் அளவில் கழித்து பெரிய புளோவர் சூட்டைத் தள்ளும். பின்கதவில் நிற்கிற கண்டக்டர் மணியடிக்காமல் பஸ் நகராது என்பது போல, ஒவ்வொரு படியிலும் சாட்சி வராமல் போர்ட் அடுத்த படிக்குப் போகாது. எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு உரிய சாட்சியை விசாரி.

இன்டியூசர் உறுமுகிறது, இக்னைட்டர் சிவக்கவில்லை என்றால் பிரெஷர் சுவிட்ச் பக்கம் போ. மீற்றரின் இரண்டு முனைகளையும் அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளிலும் வை. 24 வோல்ட் காட்டினால் அது திறந்தே இருக்கிறது, பூச்சியம் என்றால் மூடிவிட்டது. திறந்திருந்தால் உடனே சுவிட்ச் பழுது என்று முடிவெடுக்காதே. வெளியே போய்ப் பார். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டும் பனிக்குள் புதைந்திருக்கலாம். உயர்திறன் ஃபர்னஸ் என்றால் புகையில் இருந்து தண்ணீர் வடியும். அந்தத் தண்ணீர் போகிற பொறியில் அழுக்கு அடைத்தாலும் சுவிட்ச் மூடாது. சுவிட்சுக்குப் போகிற ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் அதே கதை.

ஒரு வயரைப் போட்டு அந்தச் சுவிட்சைத் தாண்டிவிட்டு, வீடு சூடானதும் பில்லை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2008-ல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில் கேஸ் நெருப்பிடத்தின் புகைபோக்கி அடைத்ததால் காபன் மொனோக்சைட்டு வீட்டுக்குள் திரும்பி, தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே போனது. அவர்கள் வீட்டில் அலாரம் இல்லை. அவர்களின் பெயராலேயே 2013-ல் சட்டம் வந்தது, கேஸ் எரிகிற வீடுகளில் அலாரம் கட்டாயமாயிற்று. பிரெஷர் சுவிட்ச் காவல் நிற்பது இந்த ஆபத்துக்குத்தான். படுக்கையறைகளுக்குக் கிட்ட அலாரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் உன் வேலையில் ஒரு பகுதி. யாரும் கூலி தராவிட்டாலும் பார்.

சுவாலை பிடித்துச் சில செக்கனில் அணைந்து, திரும்பவும் முயன்று, பிறகு ஃபர்னஸ் பூட்டிக்கொள்கிறது என்றால் ஃபிளேம் சென்சரைப் பார். நெருப்புக்கு மின்சாரத்தைக் கடத்துகிற இயல்பு கொஞ்சம் உண்டு. போர்ட் அனுப்புகிற ஏசி மின்சாரம் சுவாலையூடாகப் போகும்போது ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிற டிசி ஆகிறது. அளவு சில மைக்ரோ ஆம்ப்தான், அதாவது ஒரு ஆம்பின் பத்து இலட்சத்தில் சில பங்கு. கம்பியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்தாலும் அது குறைந்து, சுவாலை இருந்தும் இல்லை என்று போர்ட் நினைக்கும். கம்பியைக் கழற்றி மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய். முரட்டு மணல்தாள் கீறிவிடும், வேண்டாம். தேய்த்தும் சரிவராவிட்டால் ஃபர்னஸின் எர்த் வயரையும், சுவரில் இருந்து வருகிற ஹாட்டும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்பதையும் பார். மாறியிருந்தால் விசிறிகள் ஓடும், இக்னைட்டர் சிவக்கும், சுவாலையை மட்டும் போர்ட் நம்பாது. கேட்டுப் பார்த்தால் கொஞ்ச நாளைக்கு முன் யாரோ உறவுக்காரர் பேஸ்மென்டில் பிளக் மாற்றியிருப்பார்.

புளோவர் ஓடி, கொஞ்ச நேரத்தில் பர்னர் மட்டும் அணைந்தால் அது லிமிட் சுவிட்ச். உள்ளே அளவுக்கு மிஞ்சிய சூடு. ஃபில்டரை இழு. எங்கள் ஆட்களின் பேஸ்மென்டில் காற்று திரும்பி வருகிற கம்பி வலைக்கு முன்னால் 40 இறாத்தல் அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், அதையும் தள்ளச் சொல். அன்ரிமார் முகம் சுளித்தாலும் சொல்.

போர்டில் மின்னுகிற எல்.ஈ.டி.யைப் பவரை நிற்பாட்டுவதற்கு முன் எண்ணு. சில போர்டுகளில் பவர் போனால் ஞாபகமும் போய்விடும். எண்ணியதை ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டவணை கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒரு கம்பனியின் மூன்று மின்னலும் மற்றக் கம்பனியின் மூன்று மின்னலும் ஒன்றல்ல, ஆகவே மனப்பாடம் உதவாது.

இவ்வளவுக்கும் பிறகு போர்டுக்கு வர வேண்டிய 120-ம் 24-ம் வருகிறது, டபிள்யூவில் கேள்வி இருக்கிறது, பாதுகாப்புச் சுவிட்சுகள் எல்லாம் சரியான நிலையில் நிற்கின்றன, ஆனால் இன்டியூசருக்குப் போகிற முனையில் 120 வோல்ட் இல்லை என்றால், அப்போது சொல்லலாம் போர்ட் செத்ததென்று. கழற்றித் திருப்பிப் பார், ரிலேக்குக் கீழே ஈயம் வெடித்தோ கருகியோ இருக்கும். ஏன் செத்தது என்பதையும் கேள். ஃபர்னஸுக்கு மேலே ஏசியின் கொயில் இருக்கிறது. அதன் தட்டில் இருந்து கோடை முழுக்கச் சொட்டிய தண்ணீர் போர்டில் வெள்ளைக் கறையாகக் காய்ந்திருக்கும். அந்த ஒழுக்கை நிற்பாட்டாமல் புதிய போர்டைப் பூட்டினால் அடுத்த கோடையில் இன்னொன்று வாங்க வேண்டி வரும்.

பூட்டும் வேலையில் கை வேகத்தைவிட ஒழுங்கு முக்கியம். கேஸையும் பவரையும் நிற்பாட்டு, மீற்றரால் உறுதிசெய். ஒவ்வொரு வயரும் தெரிய ஃபோனில் படமெடு. போர்டைத் தொடுவதற்கு முன் ஃபர்னஸின் வெறும் இரும்பைத் தொடு. மாரியில் வீட்டுக் காற்று வறண்டிருக்கும், உன் விரலில் இருக்கிற நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும். பழைய போர்டின் சின்னச் சுவிட்சுகள் எந்தப் பக்கம் தள்ளியிருக்கின்றனவோ, கம்பனி வேறு விதமாகச் சொல்லாதவரை புதியதிலும் அப்படியே தள்ளு. புளோவர் மோட்டரில் இருந்து பல நிற வயர்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரு வேகம். ஒன்று சூட்டுக்கு, ஒன்று குளிருக்கு, மிஞ்சியவை 'பார்க்' என்று எழுதிய முனைகளுக்கு. இரண்டு வேக வயர்களை ஒரே முனையில் சேர்த்தால் மோட்டர் எரிந்துவிடும். சி திருகில் இரண்டு வயர் வரவேண்டும், ஒன்று தெர்மோஸ்டாட்டுக்கு, மற்றது வெளியே ஏசிக்கு. இரண்டாவதை மறந்தால் இப்போது ஒன்றும் தெரியாது, ஜூனில் தெரியும்.

உன்னிடம் இருப்பது ஜி3 கேஸ் லைசன்ஸ். அதை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தனியாகச் செய்ய, ஒன்ராறியோவில் கேஸ் வேலையைக் கண்காணிக்கிற டி.எஸ்.எஸ்.ஏ அமைப்பின் விதிகள் இடம் தராது. ஜி2 உள்ளவர் மேற்பார்வை செய்ய வேண்டும். நான் வருகிறேன், இல்லாவிட்டால் உன் முதலாளியைக் கூப்பிடு. தெர்மோஸ்டாட்டை மட்டும் வீட்டுக்காரரே மாற்றலாம்.

ஓட விட்டதும் உடனே பெட்டியைப் பூட்டிக்கொண்டு போகாதே. முழுச் சுற்று இரண்டு முறையாவது ஓடட்டும். உள்ளே போகிற காற்றின் சூட்டையும் வெளியே வருகிற காற்றின் சூட்டையும் அளந்து, வித்தியாசம் ஃபர்னஸின் தகட்டில் அச்சடித்த எல்லைக்குள் நிற்கிறதா பார். கூடினால் புளோவரின் வேகத்தை ஒரு படி கூட்டு. திகதியையும் சுவிட்ச் நிலைகளையும் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவை, அடுத்து வருகிறவனுக்கு உதவும்.

ஏசியை இந்தக் குளிரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், கொம்பிரசர் பழுதாகும். மே மாதம் வெளியே நல்ல வெயில் வந்த பிறகு ஒருநாள் திரும்பிப் போய் அதைச் சோதிப்பாய் என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வை. அன்றைக்கு பட்டனை அழுத்தியதும் ஒன்றும் நடக்காவிட்டால் ஐந்து நிமிஷம் பொறு. கொம்பிரசரைக் காப்பாற்றத் தெர்மோஸ்டாட் வேண்டுமென்றே பிந்தும்.

அன்புடன்,
சித்தப்பா