கடைக் கணினிகளுக்கு விண்டோஸா, லினக்ஸா?



மீஞ்சூரில் மருந்துக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ், டிடிபி சென்டர் என எங்கு போனாலும் இரண்டு மூன்று கணினிகள் ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் தேவை. அதனால் பழைய கணினிகள் பலவற்றில் அதை முறையாக ஏற்ற முடியாது. "எல்லாவற்றையும் மாற்றுங்கள்" என்பார் ஒருவர். "லினக்ஸ் போட்டால் செலவே இல்லை" என்பார் இன்னொருவர். வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்கும் நிலைக்குப் போகுமுன் இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன.

மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றிய பிறகு, 2017-ல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. மென்பொருள் இலவசம் என்பதால் மாற்றமும் இலவசம் ஆகிவிடாது. ஊழியருக்குப் பயிற்சி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா ஆகியவற்றை நம்பி நடக்கும் தொழிலுக்கு விண்டோஸ்தான் பொருந்தும். அங்கே லினக்ஸைத் திணித்தால் வேலை கெடும். கடிதம், கணக்குப் பட்டியல், மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம் போன்றவற்றுக்கு லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பில் பிரிண்டர், சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் தகராறு செய்யலாம். முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

இரண்டில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் சர்வர் வாங்கினால் சர்வருக்கு மட்டுமல்ல, அதைப் பயன்படுத்துவோருக்கும் தனித்தனி உரிமக் கட்டணம் உண்டு. அதற்குப் பதிலாகப் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சாம்பா என்ற இலவச மென்பொருளும் போட்டால், விண்டோஸ் கணினிகள் எல்லாம் அதைப் பொதுக் கோப்பறையாகப் பயன்படுத்தலாம். மேசைக் கணினி விண்டோஸ், கோப்பறை லினக்ஸ் என்ற இந்தக் கலப்பு ஏற்பாடு சிறு தொழில்களுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

திருட்டுப் பிரதி வேண்டாம்

உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருவோர் உண்டு. அது பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது. ஹலாலான தொழிலுக்கு அது அழகல்ல. ஆபத்தும் அதிகம். அப்படிக் கிடைக்கும் பிரதியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் அதில் சிக்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவை அதைப் போடாத விண்டோஸ் கணினிகளே. லினக்ஸும் அசைக்க முடியாத கோட்டை அல்ல. எளிய கடவுச்சொல்லும் புதுப்பிக்காத சர்வரும் இருந்தால் அதற்குள்ளும் புகுவார்கள்.

முடிவெடுக்கும் முறை

1. கடையில் ஓடும் மென்பொருள்கள், பிரிண்டர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடுபவற்றைக் குறியுங்கள்.

2. குறி விழுந்த கணினிகளுக்கு மட்டும் முறையான உரிமத்தோடு விண்டோஸ் 11 வாங்குங்கள். அவகாசம் வேண்டுமானால் விண்டோஸ் 10-க்கு நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. தொழில் கணினிகளுக்கு அது கட்டணத்தோடு கிடைக்கும்.

3. மற்ற கணினிகளில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதையும் மாற்றாமலே பழகலாம்.

4. பிடித்திருந்தால் முதலில் ஒரே ஒரு கணினியை மாற்றி, ஒரு மாதம் வேலை பாருங்கள்.

5. பழுது வந்தால் பார்க்க உள்ளூரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் கணக்குகளின் நகல் ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், கணினியோடு இணைக்காமல் இருக்கட்டும். வாடிக்கையாளரின் ஃபோன் எண், பாக்கிக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காப்பது நம் பொறுப்பு. அந்த நகலை இந்த வாரமே எடுத்து வையுங்கள். விண்டோஸா, லினக்ஸா என்பதை அதன்பின் ஆற அமர முடிவு செய்யலாம்.