கையுறைக்காரர் மகனும் சித்தூர் ஆசாரிகளும்

சேக்சுபியரின் நாடகங்களை நம்மில் பலர் பாடமாகப் படித்திருக்கிறோம். அவருடைய குடும்பக் கணக்கை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

தந்தை ஜான், ஸ்டிராட்போர்டு நகரில் தோல் பதனிட்டுக் கையுறை தைத்த தொழிலாளி. 1596இல் அவர் பெயருக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. அன்று முதல் அவரும் அவர் மக்களும் ‘ஜெண்டில்மேன்’கள். மறு ஆண்டு, மகன் நகரின் பெரிய வீடுகளுள் ஒன்றை வாங்கினார். 1602இல் 320 பவுன் கொடுத்து 107 ஏக்கர் நிலமும் வாங்கினார். ஒரே தலைமுறையில் ஊசி பிடித்த வீடு நிலக்கிழார் வீடாயிற்று. ஆனால் சின்னம் கிடைத்த அதே ஆண்டில், அதற்குச் சில வாரங்கள் முன்பு, கவிஞரின் ஒரே மகன் பதினொரு வயதில் இறந்துவிட்டான். 1670இல் பேத்தியோடு அவர் நேர்வழி மரபே முடிந்தது.

நம் நாட்டுக் கைவினைஞர் இப்படி ஏன் உயரவில்லை என்று நெடுநாள் எண்ணியிருக்கிறேன். ஊர்க் கொல்லனுக்கும் தச்சனுக்கும் இங்கே நிலம் இல்லாமலில்லை, மானியம் இருந்தது. ஆனால் அது வேலைக்கு ஈடாக விட்ட நிலம். அதை உழுதுண்ணலாம், அதைக் கொண்டு தொழிலை விட்டு வெளியேற இயலாது.

ஆகவே நம்மவர் கேட்டவை வேறு. கருவூரிலுள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று கம்மாளர்க்கு அரசன் அளித்த உரிமைகளைக் கூறுகிறது: நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். கோயில் எழுப்பிய கைகள் தம் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை வேண்டியிருந்தது! இதைப் படித்த அன்று நூலை மூடிவைத்துவிட்டேன்.

இந்த வழக்கு நம் பக்கத்துச் சித்தூருக்கும் வந்தது. அன்று அவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. தம் திருமணங்களைத் தம் குலத்து ஆசாரியரைக் கொண்டே வேத முறைப்படி நடத்துவோம் என்றனர் ஆசாரிகள். பஞ்சாங்கக்காரர் தடுத்தனர். மார்க்கசகாய ஆச்சாரி முதலியோர் ஜில்லா அதாலத்து நீதிமன்றம் ஏறினர். 1818இல் தீர்ப்பு ஆசாரிகளுக்குச் சாதகமாயிற்று. பின்னாளில் அச்சான தீர்ப்பு நூலிலுள்ள நீண்ட வாதங்கள் அனைத்தும் மன்றத்தில் அப்படியே நிகழ்ந்தன என்று சொல்ல நான் துணியேன். வென்றவர்கள் அச்சிட்ட நூல் அன்றோ!

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டிராட்போர்டில் உயர்ந்தது ஒரு வீடு. பக்கத்துக் கையுறைக்காரர் கையுறைக்காரராகவே இருந்தார். சித்தூரில் எந்த ஆசாரியும் நிலக்கிழார் ஆகவில்லை, குலச்சின்னம் பெறவில்லை. கொல்லர், தச்சர், கன்னார், கற்றச்சர், தட்டார் என்னும் ஐவரும் சேர்ந்து கேட்டது தம் வீட்டு மணப்பந்தலைத்தான். அது ஐவருக்கும் கிடைத்தது.