கையால் கட்டிய லினக்ஸ்: ஒட்டுப்போடுவதா, புதிதாகக் கட்டுவதா?

'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' புத்தகத்தை வைத்து மூலநிரலிலிருந்தே தன் கணினியைக் கட்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை அரிக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்துவிடும். இருப்பதை மேம்படுத்துவதா, முதலிலிருந்து கட்டுவதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சி நூலகமான ஜிலிப்சியைத் தொடப்போகிறீர்களா? அதற்கான பதிலில்தான் முடிவு இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. கொல்லிமலையில் இருப்பவர்கள் தொகுப்புகளையெல்லாம் நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ இருக்கும்போதே இறக்கி, எம்டி5 சரிபார்ப்பையும் அங்கேயே முடித்துவிடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேட்டுக்கு வந்தபிறகு "ஒரு பேட்ச் விட்டுப்போச்சு" என்று போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கெர்னலை மட்டும் மாற்றுவதென்றால் யோசிக்கவே வேண்டாம். பழைய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்துக் கட்டுங்கள். பழைய கெர்னலும் கிரப் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் கெர்னல் ஹெடர்களைக் கூடவே புதுப்பிக்காதீர்கள். ஜிலிப்சி எந்த ஹெடர்களை வைத்துக் கட்டப்பட்டதோ, அவைதான் இருக்க வேண்டும்.

மற்ற நூலகங்களில் பார்க்க வேண்டியது பெயரின் வாலில் இருக்கும் எண். ஐசியூ 76 இருந்த இடத்தில் 77 வந்தால், 76-ஐ நம்பியிருந்த நிரல்கள் ஒவ்வொன்றையும் மறுபடி கட்ட வேண்டும். 'ரீட்எல்ஃப்' கட்டளை காட்டும் 'நீடட்' வரிகளில் அவற்றின் பட்டியல் கிடைக்கும். கடைசி நிரலைக் கட்டி முடிக்கும்வரை பழைய கோப்பை அழிக்காதீர்கள். பைத்தான் 3.12-லிருந்து 3.13-க்குப் போனால் கூடுதலாக நிறுவிய மாட்யூல்கள் பழைய அடைவிலேயே தங்கிவிடும். அவற்றைத் திரும்ப நிறுவுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் ஆபத்து இல்லை.

ஆபத்தெல்லாம் ஜிலிப்சியில்தான். ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன்மேல்தான் ஓடுகின்றன. புதிய ஜிலிப்சியை நிறுவுகிற ஷெல், மேக், இன்ஸ்டால் கட்டளைகளும் அதில் அடக்கம். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற வேலை இது. லிப்சியும் டைனமிக் லோடரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். நேரடியாக 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் கோப்புகள் ஒவ்வொன்றாக மாறும். பாதி புதிது, பாதி பழையது என்கிற அந்த இடைவெளியில் 'எல்எஸ்' கூட ஓடாது.

ஆகவே வரிசை இதுதான். உங்கள் கணினி 11.0-க்கு முந்தைய புத்தகத்தில் கட்டியது என்றால் இந்த வழியே வேண்டாம், புதிதாகக் கட்டுங்கள். 12.0-க்கு முந்தையது என்றால் முதலில் லிப்எக்ஸ்கிரிப்ட்டை நிறுவுங்கள். ஜிலிப்சி 2.38 முதல் கடவுச்சொல் சரிபார்க்கும் நூலகம் அதனோடு இயல்பாக வருவதில்லை. கெர்னல் பழையது என்றால் அதையும் முன்பே மாற்றி, ரீபூட் செய்யுங்கள். பிறகு ஜிலிப்சியைக் கட்டி, சோதனைகளை ஓட்டி, 'டெஸ்ட்டிர்' கொடுத்துத் தனி அடைவில் நிறுவுங்கள். அங்கிருந்து பகிர்நூலகங்கள் அத்தனையையும் ஒரே 'இன்ஸ்டால்' கட்டளையில் உரிய இடத்துக்கு அனுப்புங்கள். அந்த ஒரு நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறிவிட்டதால் நடுவில் தடுமாறாது. 'சிபி' கூடாது: ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்தின் மேலேயே அது எழுதும். 'இன்ஸ்டால்' பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். அதற்குப் பிறகுதான் வழக்கமான 'மேக் இன்ஸ்டால்'. தமிழ் லொக்கேலையும் சேர்த்து 'லொக்கேல்டெஃப்' ஓட்டிவிட்டு, உடனே ரீபூட்.

இந்தப் படியைக் கரண்டை நம்பிச் செய்யாதீர்கள். கம்பைல் பாதியில் நின்றால் நேரம்தான் நஷ்டம். மலையில் இடிமழை பிடித்து, நிறுவும் நேரத்தில் கரண்ட் போனால் கணினியே கிளம்பாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய லேப்டாப், இல்லையென்றால் யுபிஎஸ். பக்கத்தில் ஒரு லைவ் பென்டிரைவ். திரும்பிப் பழைய ஜிலிப்சிக்கு இறங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். புதியதோடு ஒரு நிரலைக் கட்டிவிட்டாலும் அது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவ்வளவையும் படித்தபின் தயங்கினால், அந்தத் தயக்கம் சரியானது. ஜிலிப்சி மாற வேண்டும், கூடவே கம்பைலரான ஜிசிசியும் மாற வேண்டும் என்றால் நான் சொல்வது புதிதாகக் கட்டுவதைத்தான். ஜிசிசி 15 முதல் சி23 தான் இயல்புநிலை. பழைய தொகுப்புகள் பல அதில் கட்டும்போதே முரண்டு பிடிக்கும்.

இதற்காகவே வட்டில் எப்போதும் இரண்டு ரூட் பார்ட்டிஷன்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 30 ஜிபி. ஹோம் தனியாக இருக்கட்டும். இப்போது ஓடும் லினக்ஸையே ஹோஸ்டாக வைத்து அடுத்த பார்ட்டிஷனில் கட்டலாம். புத்தகம் தரும் பதிப்புச் சோதனை ஸ்கிரிப்டை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதும் அன்றாட வேலை நிற்காது. முதல்முறை ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடியுங்கள். இரண்டாம் முறையிலிருந்து ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம். அது கையில் இருந்தால் மறுகட்டுமானம் ஒரு ராத்திரி வேலை.

ஈடிசி அடைவை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். எஃப்எஸ்டேப், ஹோஸ்ட்நேம், நெட்வொர்க் அமைப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதுங்கள். பயனர் எண் மட்டும் பழையதாகவே இருக்கட்டும், இல்லையென்றால் ஹோமில் உங்கள் கோப்புகளையே திறக்க முடியாது. ரீபூட் செய்யும் முன் வைஃபை ஃபர்ம்வேர் கோப்புகளைப் பழைய பார்ட்டிஷனிலிருந்து நகலெடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பிரிண்டர், தமிழ் விசைப்பலகை, ஒலி மூன்றும் புதியதில் ஓடிய பிறகு பழைய பார்ட்டிஷனை அழிக்கலாம்.