வேதம் முன்னே, குருவானவர் பின்னே



நவம்பர் 30 அப்போஸ்தலனாகிய அந்திரேயாவின் நாள். ஸ்காட்லாந்து தேசத்தார் அவரைத் தங்கள் பரிசுத்தவானாகக் கொண்டாடுகிறார்கள். கடல் கடந்து போன இடங்களிலும் அவர் பேரில் ஆலயம் கட்டினார்கள். சென்னை எழும்பூரில் 1818-ல் அஸ்திபாரமிட்டு 1821-ல் திறக்கப்பட்ட ஆலயத்தை ஜனங்கள் இன்றும் 'கிர்க்' என்றே சொல்லுகிறார்கள். அங்கே நிலம் உறுதியற்றது. ஆகவே டி ஹாவிலண்டு என்ற பொறியாளர், நம் பக்கத்து உறைகிணறு போலச் சுட்டமண் உறைகளை இறக்கி, அந்தக் கிணறுகளின்மேல் ஆலயத்தை எழுப்பினார். களிமண்ணில் வீடு கட்டிய நன்னிலத்தாருக்கு இதன் அருமை தெரியும்!

அவர்கள் கொண்டுவந்த ஆராதனை வழக்கங்களில் எதை நாம் வைத்துக்கொள்ளலாம்? அந்நியம் என்று எல்லாவற்றையும் தள்ளுவாரும் உண்டு, பழையது என்பதற்காகவே பிடித்துக்கொள்வாரும் உண்டு.

அமெரிக்காவில் ஸ்காட்லாந்து வம்சத்தார் தங்கள் குலத்துக்குரிய 'டார்ட்டன்' என்னும் கட்டம்போட்ட துணியை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஆசீர்வாதம் பெறுகிறார்கள். 1746-ல் அரசாங்கம் அவ்வுடையைத் தடுத்தபோது, துணித்துண்டை மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்களாம். அதற்கு ஆதாரமில்லை. 1940-களில், யுத்த நாட்களில், வாஷிங்டனில் பீட்டர் மார்ஷல் போதகர் தொடங்கிய வழக்கம் அது. அவர்களுக்கு அது இனிய ஞாபகமாயிருக்கலாம். ஆனால் குல அடையாளத்தோடு ஆலயத்துக்குள் வருவது நம் மண்ணில் என்ன செய்யும்? ஜாதி வேற்றுமையைச் சபையில் விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் எழுதியபோது, தஞ்சாவூர்ச் சபையில் அநேகர் விலகிப்போனார்கள். இது நமக்கு வேண்டாம்.

இன்னொரு வழக்கம் வேறு விதமானது. ஸ்காட்லாந்து ஆலயங்களில் ஆராதனை தொடங்குமுன் கோயில்பிள்ளை வேதாகமத்தை ஏந்தி முன்னே வருவார். குருவானவர் பின்னே வருவார். சபை எழுந்து நிற்கும். எஸ்றா புஸ்தகத்தைத் திறந்தபோது ஜனங்கள் எழுந்து நின்றதை நெகேமியா 8:5-ல் வாசிக்கிறோம். 1947-ல் உருவான தென்னிந்திய திருச்சபை, 1950-ல் தந்த திருவிருந்து ஆராதனை முறையில் இதைச் சேர்த்துக்கொண்டது. சமாதானம் பகிர்ந்துகொள்ளுதல் சிரியன் சபை வழியில் வந்தது. (ஒருவரிடமிருந்தே எல்லாவற்றையும் வாங்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.)

சங்கீதம் பாடும் முறையையும் சொல்லவேண்டும். புஸ்தகம் குறைவு, வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. ஆகவே முன்பாடகர் ஒருவர் ஒவ்வொரு அடியாகச் சொல்ல, சபையார் பின்தொடர்ந்து பாடினார்கள். லூயிஸ் தீவில் கேலிக் மொழிச் சபைகள் இன்றும் அப்படிப் பாடுகின்றன. நம் வார்டுகளில் நாங்கள் செய்வதும் அதுவே. நாற்று நடும் கையோடு வந்து படுத்திருக்கும் தாய்மாருக்குப் பாட்டுப் புஸ்தகம் கொடுத்துப் பயனில்லை. ஓர் அடி சொல்லி நிறுத்தினால், காய்ச்சலோடும் மெல்லிய குரலில் திரும்பப் பாடுகிறார்கள். மூன்றாம் நாள், அடுத்த கட்டிலில் புதிதாக வந்தவருக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாசிக்க: நெகேமியா 8:1–8, யோவான் 1:40–42, 6:8, 9.