தீர்ப்பாயம் ஓரிடம், தீர்ப்பு வேறிடம்

நம்பிக்கை: ஆஸ்திரேலியாவில் மருந்து கொடுப்பதற்காகக் கடைக்காரருக்கு அரசு தரும் கட்டணத்தை, யார் தலையீடும் இல்லாத ஒரு தீர்ப்பாயம் கணக்குப் பார்த்து நிர்ணயிக்கிறது.

உண்மை: பாதிதான் சரி. மருந்துப் பயன்கள் ஊதியத் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அந்த அதிகாரத்தை அதற்குத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 98பிஏஏ பிரிவு அதன் கையைக் கட்டிப் போடுகிறது. சுகாதார அமைச்சரும், கடை உரிமையாளர்களின் சங்கமான பார்மசி கில்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், அது நடப்பில் இருக்கும்வரை தீர்ப்பாயம் அதன்படிதான் உத்தரவு போட வேண்டும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. 1989இல் தீர்ப்பாயம் நிஜமாகவே தானாக ஒரு முடிவெடுத்துக் கட்டணத்தைக் குறைத்தது. கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அரசு அவர்களோடு பேச உட்கார்ந்தது. 1990இல் முதல் சமூக மருந்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் ஒன்று முடிய இன்னொன்றாக ஒப்பந்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சொந்தப் புத்தியைப் பயன்படுத்திய தீர்ப்பாயத்துக்குக் கிடைத்த பரிசு, ரப்பர் ஸ்டாம்ப் வேலை!

நம்பிக்கை: டாக்டர் விலை கூடிய மருந்து எழுதினால் கடைக்கு லாபமும் கூடும்.

உண்மை: முன்பு விலையில் இத்தனை சதவீதம் என்று கொடுத்தார்கள். அரசு மருந்து விலைகளைக் குறைக்கக் குறைக்க, கடை வருமானமும் இளைத்தது. 2015இல் அதை மாற்றினார்கள். அந்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கம்பெனி விலை 10 டாலர். மொத்த வியாபாரிக்கு 7.52 சதவீதம், அதாவது 75 சென்ட். மருந்தை வாங்கி வைத்துக் கையாள 3.49, எடுத்துக் கொடுக்க 6.93; இந்த இரண்டும் சேர்ந்து கடைக்கு 10.42. ஆக மொத்தம் 21.17 டாலர். கம்பெனி விலை 100 டாலராக இருந்தாலும் கடைக்குக் கிடைத்தது அதே 10.42தான். கடை வாங்கும் விலை 180 டாலரைத் தாண்டினால்தான் கையாளும் கட்டணம் ஏறியது. அதற்கும் 70 டாலர் உச்சவரம்பு இருந்தது.

அந்த 21.17ஐ முழுக்க அரசே கொடுத்தது என்றும் நினைக்க வேண்டாம். அப்போது சாதாரண நோயாளி 37.70 டாலர்வரை தன் பையிலிருந்துதான் போட வேண்டியிருந்தது. சலுகை அட்டைக்காரர் 6.10 கொடுத்தால் மிச்சத்தை அரசு கட்டியது.

நம்பிக்கை: மருந்தின் விலையையும் தீர்ப்பாயமே வைக்கிறது.

உண்மை: இல்லை. அது அரசும் கம்பெனியும் பேசி முடிப்பது.

நம்பிக்கை: இந்தக் கட்டணம் மருந்தாளுநர் கைக்குப் போகிறது.

உண்மை: உரிமையாளர் கைக்குப் போகிறது. கவுன்டருக்குப் பின்னால் சம்பளத்துக்கு நிற்பவரின் குறைந்தபட்ச ஊதியத்தை முடிவு செய்வது ஃபேர் வொர்க் கமிஷன் என்ற வேறோர் அமைப்பு.

எட்டாவது ஒப்பந்தம் 2024 ஜூலை 1இல் தொடங்கி ஐந்தாண்டுக்குப் போடப்பட்டது. கட்டணம் அதிகம் என்றோ போதாது என்றோ நினைக்கும் ஆஸ்திரேலிய வாசகர்கள் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த பேச்சுவார்த்தை தொடங்குமுன் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள்.