டாக்காவுக்கு அனுப்புமுன் யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை போவதற்குள் கொட்டகலையில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், ஹட்டன் பள்ளிவாசலில் அவரோடு ஜும்ஆ தொழுகிறவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். தகப்பன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பிள்ளை கதவோரம் நிற்கும். கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்: "எந்த நாட்டுக்கு அனுப்பினால் நல்லது, டொக்டர் மகள்?" என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

இந்த முறை வந்த ஒரு பிள்ளையை மட்டும் இங்கே சொல்கிறேன். தகப்பன் காணி உறுதியின் போட்டோப் பிரதியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். உம்மா தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனபோது அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். கோப்பைகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "ராத்தா, எனக்கு ஊசி போடுறதைப் பார்த்தாலே கண் இருட்டும். கெமிஸ்ட்ரிதான் விருப்பம். வாப்பாக்கிட்ட சொல்லிடாதீங்க." நான் சொல்லத்தான் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் போட்டோப் பிரதியைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்த விதத்திலேயே, அவர் அடுத்து யாரிடம் போகப் போகிறார் என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. உயிரியல் பிரிவில் நல்ல இசட் புள்ளி எடுத்தால் அரச மருத்துவ பீடம். கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைக்கு மஹாபொல உண்டு. அனுமதி நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிச்சம் ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பிரிகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. இங்கே படித்து இங்கே பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குக் கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி போதும் என்பது தெரியாமலே முதல் தடவையோடு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்காரரைத் தேடிப் போகும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று தடவை எழுதலாம். நான் மூன்றாம் தடவைதான் போனேன். அந்த இரண்டு வருடமும் வீட்டில் இருந்தபோது சொந்தக்காரர் பேசிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு வருடத்துக்கு வாப்பா செலவழித்தது டியூஷன் காசும் பஸ் காசும் மட்டுமே.

எந்தப் பீடத்தை முதலாவதாகப் போடுவது? நுவரெலியாப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பேராதனையைப் போடுவார்கள். 1962இல் தொடங்கிய பீடம், கண்டிப் பக்கம், காலையில் ரயில் ஏறினால் பகலுக்குள் வீடு. முஸ்லிம் மஜ்லிஸும் உண்டு. நல்ல தெரிவுதான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வார்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் என்பதால் முதல் வருடத்திலேயே சிங்களத்தைச் சரளமாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகப் பீடம் வயதில் இளையது. காத்தான்குடி பக்கத்தில் இருப்பதால் முஸ்லிம் பெற்றோருக்கு மனம் ஆறுதலாக இருக்கும். யாழ்ப்பாணம் என்றால் மட்டும் முகம் மாறும்.

எனக்கு யாழ்ப்பாண மருத்துவ பீடம் கிடைத்தபோது என் வாப்பாவுக்கும் மாறியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அந்த யாழ்ப்பாணத்துக்கு, யுத்தம் முடிந்து இரண்டு வருடங்கூட ஆகாத 2011இல், மகளைத் தனியாக அனுப்புவதா என்று கேட்டார். ஹட்டனில் ஏறி, கண்டியில் மாறி, தம்புள்ளை, வவுனியா என்று ஒரு முழு நாள் பயணம். என் முதல் ரமழான் அங்கே ஆடி மாத வெயிலுக்குச் சற்று முன்பின்னாகத்தான் வந்தது. கொட்டகலைக் குளிரில் நோன்பு பிடித்துப் பழகிய உடம்புக்கு அந்தக் காற்றே தண்டனை. என் அறைத்தோழி சாவகச்சேரிக்காரி, காலையும் மாலையும் தேவாரம் படிக்கிறவள். ஸஹருக்கு அலாரம் வைப்பது அவள்தான். நான் எழும்புமுன் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். சோனகத் தெருவில் ஒரு கிழவி இருந்தார். புத்தளத்தில் இருபது வருடம் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். வீட்டுக்குக் கூரை பாதிதான் போட்டு முடிந்திருந்தது. நோன்பு மாதம் முழுக்க ஒரு சின்ன வாளியில் எங்கள் விடுதிக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார், வாளியை மட்டும் கழுவித் தந்தால் போதும் என்பார்.

இதையெல்லாம் உருகுவதற்காகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான், எல்லா மருத்துவ பீடத்திலும் போல. ஆனால் நோயாளி தமிழில் பேசுவார். எந்த நோவு எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, என்ன செய்தால் குறைந்தது என்று நோயாளியின் வாயிலிருந்து வரவழைப்பதுதான் வைத்தியத்தில் பாதி. அதை நான் தாய்மொழியில் பழகினேன். இன்று தோட்டத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் "கொழுந்துக் கூடைக் கயிறு பட்ற இடத்துல இருந்து கை முழுக்க மரமரன்னு இருக்குங்க" என்று சொன்னால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம் என்று மானிப்பாயில் செய்தே காட்டியவர் டொக்டர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி. அந்த மண்ணுக்கு அப்படியொரு பழக்கம் உண்டு.

இனி வெளிநாட்டுத் தனியார் படிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் முங்குவது இங்கேதான்.

ஏஜென்சிக்காரர்கள் ஹட்டனிலோ கண்டியிலோ ஒரு ஹோட்டல் மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கிறார்கள். பளபளப்பான புத்தகம், வெள்ளை கோட் போட்ட பிள்ளைகளின் படம். முஸ்லிம் பெற்றோரிடம் பேசும்போது ஒரு வசனம் மறக்காமல் வரும்: "அது முஸ்லிம் நாடு, ஹலால் சாப்பாடு, விடுதிக்குப் பக்கத்திலேயே பள்ளி, பிள்ளைக்குப் பயமில்லை." மார்க்கத்தைச் சொல்லி விற்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத கோபம். யாழ்ப்பாணத்துக்கு மகளை அனுப்பப் பயந்த ஒரு தகப்பன் டாக்காவுக்கு அனுப்பத் தயாராக இருந்தார், இந்த ஒரே வசனத்தால். என் தொழுகை தவறாமல் இருந்தது முஸ்லிம் நாட்டில் அல்ல. லுஹருக்கு நேரமானால் "நீ போ, நான் குறிப்பு எடுத்து வைக்கிறேன்" என்று சொன்ன மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளையோடு ஒரே குழுவில் வேலை செய்த இடத்தில்.

காசுக் கணக்கைப் பாருங்கள். முழுப் படிப்புக்கும் 45,000 டொலர் என்று பேசிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், தொண்ணூறு இலட்சம். அதே வருடம் மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே கட்டணம் ஒரு கோடியே அறுபத்திரண்டு இலட்சம். கட்டணம் ஒரு சதம்கூட ஏறவில்லை, நம் ரூபாய்தான் விழுந்தது. கடையை அடகு வைத்து முதல் வருடம் கட்டியவர்கள் மூன்றாம் வருடம் என்ன செய்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. ஹட்டனில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் 2019இல் சீனா போனான். 2020 தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்தவன் கொரோனாவால் திரும்பிப் போக முடியவில்லை. வெளிநாட்டு மாணவர்களைச் சீனா திரும்ப எடுக்கத் தொடங்கியது 2022 நடுப்பகுதிக்குப் பிறகுதான். அந்தக் காலமெல்லாம் தகப்பனின் கடைக்கு மேல்மாடியில், சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரத்தில் போனைச் சாய்த்து வைத்து உடற்கூற்றியல் படித்தான். ஒரு பிரேதத்தைத் தொடவில்லை, ஒரு நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. உக்ரேனில் படித்தவர்கள் 2022 பெப்ரவரியில் யுத்தம் தொடங்கியபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். 2024 ஜூலையில் டாக்காவில் கலவரம் வந்தபோது வெளிநாட்டு மாணவர்கள் வீடு திரும்ப வேண்டி வந்தது. உள்நாட்டுத் தனியார் கல்லூரி மட்டும் நிச்சயமா என்றால், மாலபே சைட்டம் பிள்ளைகள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தாலும் விஷயம் முடிவதில்லை. பட்டம் தந்த பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்க வேண்டும். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு வகுத்திருக்கும் குறைந்தபட்ச மட்டத்தையாவது எட்டியிருக்க வேண்டும். அதற்குமேல் வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய பதிவுப் பரீட்சை (ஈ.ஆர்.பி.எம்.). அதில் தேறிய பிறகுதான் உள்ளகப் பயிற்சி. ரஷ்ய மொழியிலும் சீன மொழியிலும் நோயாளி பேசிய வார்டில் நின்ற பிள்ளை, இங்கே செய்முறைப் பகுதியில் தமிழ் நோயாளி முன்னால் வாயடைத்துப் போகிறது. இரண்டு தடவை, மூன்று தடவை என்று அந்தப் பரீட்சையிலேயே வயது போகிறது. பங்களாதேஷிலும் நேபாளத்திலும் படித்துவந்த நல்ல வைத்தியர்களோடு நான் இரவு வேலை செய்திருக்கிறேன். அவர்களில் பலர் இங்கே கொஞ்சப் புள்ளியால் பீடம் தவறியவர்கள், படிக்கத் தெரிந்தவர்கள். உயிரியலில் எஸ் எடுத்த பிள்ளையை அந்தக் கூட்டத்தோடு சேர்த்து அனுப்புவது அநியாயம்.

வேறு வழிகள் இல்லையா? இருக்கின்றன. பேராதனையில் துணை மருத்துவ பீடம் இருக்கிறது: மருந்தாளர் படிப்பு, ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிரியல், தாதியம். அடுப்படியில் கெமிஸ்ட்ரி என்று சொன்ன அந்தப் பிள்ளைக்கு மருந்தாளர் படிப்பைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலும் இவற்றில் சில உண்டு. யூனானி படிக்க விரும்புகிறவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவப் பிரிவு இராஜகிரியவில் இருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணமும் திருகோணமலையும்.

தாதியர் பயிற்சியைச் சொன்னால் தகப்பன்மார் முகத்தைத் திருப்புகிறார்கள். மூன்று வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு, முடிந்ததும் அரசாங்க வேலை. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்டு 2017இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. இப்படிப் பெரிய கட்டடம் எத்தனை வந்தாலும், நடுச்சாமத்தில் பிரசவ வலியோடு வருகிற தோட்டத்துப் பெண்ணிடம் தமிழில் "பயப்படாதீங்கம்மா" என்று சொல்ல ஒரு தாதி வேண்டும். அந்த ஆள் போதாமை எங்கள் மலையகத்தின் பெரிய குறை.

நம் வாசலிலேயே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. உயிரியல் படித்த பிள்ளை விஞ்ஞான ஆசிரியராக வந்தால் அடுத்த பத்து வருடத்தில் இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் மருத்துவ பீடம் போகும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு ஒரு வருடம் ஆசிரியரே இல்லை. அந்த ஒரு வருடம்தான் என்னை மூன்றாம் தடவை வரைக்கும் இழுத்தது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கெட்டிக்காரத்தனத்தைவிட இந்தத் தொழிலுக்குப் பொறுமைதான் வேண்டும். ஒரே கேள்வியை ஒரு நாளில் எண்பது பேரிடம் கேட்க வேண்டும், எண்பதாவது ஆளிடமும் முதல் ஆளிடம் கேட்டது போலவே. நாற்றம், சத்தம், தூக்கமின்மை, செத்துப்போனவரின் மகனிடம் போய்ச் சொல்லும் அந்த நடை, எல்லாம் இதில் சேர்த்தி. அது உன் சுபாவத்தில் இருக்கிறதா என்று உன்னையே கேள். இல்லையென்றால் அது குற்றமில்லை. கூட்டாளி போனான், மச்சான் போனார், கல்யாணப் பேச்சுக்கு மதிப்பு என்று வருகிறவர்கள் மூன்றாம் வருடத்தில் தவிப்பதை நான் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன். அல்லாஹ் ஒவ்வொருவருக்கும் ஒரு கையைக் கொடுத்திருக்கிறான். சிலருக்குச் சோக்குப் பிடிக்க, சிலருக்குத் தராசு பிடிக்க, சிலருக்கு நாடி பிடிக்க. காசு இல்லாமல் நல்ல பெறுபேற்றோடு நிற்கும் பிள்ளைகளுக்கு, ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதி போன்றவை இருக்கின்றன. விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஏஜென்சிக்கு முற்பணம் கட்டுமுன், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதிக்கொண்டு மருத்துவ சபைக்கு நேரில் போய்க் கேளுங்கள். அதற்கும் முன்னால், பிள்ளையை ஒரு நாள் காலை எட்டு மணிக்கு டிக்கோயா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பகல் வரை வாங்கில் உட்கார வையுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். பிள்ளை பேசட்டும்.