அட்மின் வேலையை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்?

கேள்வி: வீரபாண்டியில் சின்னதாக ஒரு பவர்டேபிள் தையல் கூடம் நடத்துகிறேன். ஜாப் ஒர்க், டெய்லர் தேவை, நூல் விலை என்று ஏகப்பட்ட வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். நடுவே அரசியல், குட்மார்னிங் படம், வதந்தி. மியூட், ஆர்க்கைவ், பிளாக் எல்லாம் செய்தாயிற்று. அதைக் கவனிப்பதே தனி வேலையாகிவிட்டது. போன மாதம் வந்த ஓவர்லாக் வேலை ஒன்று கண்ணில் படாமலே போய்விட்டது. இப்படி வடிகட்டி அலுத்துத்தான் ஆட்கள் விலகுகிறார்களா? நானும் விலகிவிடலாமா?
- பெயர் வேண்டாம், வீரபாண்டி, திருப்பூர்.

பதில்: அலுப்புக்குக் காரணம் இருக்கிறது, அய்யா. 300 பேர் உள்ள குழுவில் வேண்டாத படத்தை அட்மின் நீக்கினால் ஒருவருக்கு வேலை; விட்டுவிட்டால் 300 பேருக்கும் வேலை. அடுத்தவர் பதிவை அட்மினே நீக்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தாத குழுவில் முதலில் வாயை மூடுபவர்கள் வேலைக்காக வந்தவர்கள். பெயர் பட்டியலில் இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

தனியாள் வடிகட்டலுக்கு எப்போதுமே ஓட்டை உண்டு. யூஸ்நெட் என்ற கணினி விவாதக் குழுக்களுக்காக நிரலாளர் லாரி வால் 1984-ல் எழுதிய மென்பொருளிலேயே, பிடிக்காத பேச்சை ஒதுக்கும் 'கில் ஃபைல்' இருந்தது. ஒருவரை ஒதுக்கினாலும், அவருக்குப் பதில் எழுதுபவர்கள் அவர் சொன்னதை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் மோசம்: நீங்கள் பிளாக் செய்தவரின் பதிவு, இருவரும் இருக்கும் குழுவில் தெரியத்தான் செய்யும். எக்ஸ் தளம்போல் சொல்லை வைத்து வடிகட்ட முடிந்தாலும், 'தேர்தல்' என்ற சொல்லை ஒதுக்கினால் கட்சி டி-ஷர்ட் ஆர்டரும் சேர்ந்து போய்விடுமே!

மொத்தமாக மூடிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பிகார் அரசுக் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. வதந்தி எந்த வழியிலாவது காதுக்கு வந்துவிடும். மறுப்பு, உள்ளூர்க் குழுவில் இருந்தால்தான் வரும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஜாப் ஒர்க்குக்கு மட்டும், அட்மின்களே பதிவிடும் தனிக் குழு கேளுங்கள். வேலை கொடுப்பவர்கள் நாலைந்து பேரை அட்மின் ஆக்கினால் போதும். அதை மட்டும் சத்தத்தோடு வையுங்கள். நூல் விலையை மில்கள் பெரும்பாலும் மாதம் பிறந்ததும்தான் அறிவிக்கின்றன. அந்தக் குழுவை அன்றைக்குத் திறந்து பார்த்தால் போதும். மற்றவற்றை ஆர்க்கைவில் போட்டுவிட்டு, வேலை தருபவர்களிடம் உங்கள் பெயரை @ போட்டுக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆர்க்கைவில் இருந்தாலும் அறிவிப்பு வரும்.

கேட்டும் அட்மின் அசையவில்லை என்றால் தயங்காமல் வெளியேறுங்கள். 2022 ஆகஸ்ட் முதல், ஒருவர் விலகிய அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகிறது. அவருக்குத்தானே தெரியவேண்டும்.